மகரந்தம் நிறைய வருகிறது, தேனீப் புழுக்கள் ஏன் குறைகின்றன?

கேள்வி: எட்டுத் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். சுற்றிலும் சூரியகாந்தியும் மக்காச்சோளமும்தான். தேனீக்கள் மகரந்தத்தை அள்ளிக்கொண்டு வருகின்றன. ராணியும் முட்டையிடுகிறது. ஆனால் அடையில் புழுக்கள் குறைவு, கூட்டமும் சிறுத்து வருகிறது. சர்க்கரைப் பாகு வைத்தும் தேறவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அடை அறைகளுக்குள் செத்த புழுக்கள் கிடந்தால் அது நோயாக இருக்கலாம், வேறு கதை. முட்டை இருந்து, புழு மட்டும் காணாமல் போகிறதென்றால் சத்துக் குறைவாக இருக்கலாம். போதிய புரதம் கிடைக்காதபோது பணித் தேனீக்கள் இளம் புழுக்களைத் தாங்களே தின்றுவிடும். கொடுமைதான், ஆனால் கூட்டைக் காப்பாற்ற அவற்றுக்குத் தெரிந்த வழி அது.

பாகு வெறும் சர்க்கரைதான். புரதம் மகரந்தத்தில்தான் இருக்கிறது. அதுவும் பூவுக்குப் பூ மாறும். சூரியகாந்தி மகரந்தத்தில் புரதம் சுமார் 15 சதவீதம், மக்காச்சோளமும் ஏறத்தாழ அப்படியே. கடுகில் 20-ஐத் தாண்டும். அளவைவிடக் கலவை முக்கியம். புரதம் அமினோ அமிலங்கள் என்ற கூறுகளால் ஆனது; தேனீக்கு அவசியமானவை 10. சூரியகாந்தியில் அவற்றில் ஒன்றான மெத்தியோனின் குறைவு. ஒன்று குறைந்தாலும், புழுக்களுக்கு ஊட்டும் செவிலித் தேனீயின் தலையில் உள்ள சுரப்பி சரியாகப் பால் சுரக்காது. ஒரு பூவில் குறைவதை இன்னொரு பூ ஈடுகட்டும்.

காலையில் அரைமணி நேரம் பெட்டி வாசலில் உட்கார்ந்து, கால்களில் வரும் உருண்டைகளின் நிறத்தைப் பாருங்கள். ஆரஞ்சும் வெளிர்மஞ்சளும் மட்டும் என்றால் சூரியகாந்தியும் மக்காச்சோளமும்தான் வருகின்றன, சந்தேகமே வேண்டாம். நான்கைந்து நிறம் தெரிய வேண்டும். (செம்பருத்தி நட்டால் போதுமா என்று சிலர் கேட்கிறார்கள். அதன் மகரந்தம் பெரிது, முள்முள்ளாக இருக்கும். தேனீயால் எளிதில் உருட்டிக் கட்ட முடியாது.)

உடனடிக்கு, கொழுப்பு நீக்கிய வறுத்த சோயா மாவைச் சர்க்கரைப் பாகில் பிசைந்து சட்டங்களின் மேல் வையுங்கள். இது தற்காலிகம்தான். அப்புறம் வரப்பில் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்துங்கள். தும்பையும் தொட்டாற்சிணுங்கியும் தானே வரும். தொட்டாற்சிணுங்கி மகரந்தம் தூசி போல நுண்ணியது, ஆனாலும் தேனீக்கள் அதை விரும்பிச் சேர்க்கும். கடுகு, கொத்தமல்லி, எள் மூன்றையும் ஒரே நாளில் விதைக்காமல் இரண்டு வார இடைவெளி விட்டு விதையுங்கள். இடமிருந்தால் முருங்கையும் தென்னையும் வையுங்கள். தென்னை ஆண்டு முழுக்கப் பாளை விடும். இவையெல்லாம் பூக்கும்வரை எட்டில் நான்கு பெட்டிகளையாவது கலப்புப் பயிர் உள்ள இடத்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள்.