அறிவியல் செய்தியாளர் அதிகாரத்தோடு எவ்வளவு நெருங்கலாம்?

"விஞ்ஞானிகளோடு பழகாமல் செய்தி கிடைக்காது, பழகினால் அவர்கள் ஆளாகிவிடுகிறோம். கோடு எங்கே?" என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் சில வருடம் நிருபராக இருந்தவன் நான்.

பழகுவது தப்பில்லை. யாருக்காக எழுதுகிறோம் என்பது குழம்பினால்தான் தப்பு. நியூயார்க் டைம்ஸ் அறிவியல் நிருபர் வில்லியம் லாரன்ஸை 1945-ல் அமெரிக்க அணுகுண்டுத் திட்டமே உள்ளே இழுத்துக்கொண்டது. அரசின் பத்திரிகை அறிக்கைகளை எழுதினார், நாகசாகித் தாக்குதலுக்கு உடன் பறந்தார். கதிர்வீச்சுச் சாவுகள் வெறும் ஜப்பானியப் பிரச்சாரம் என்ற ராணுவத்தின் மறுப்பைச் செப்டம்பரில் அப்படியே எழுதினார். அதே மாதம், அனுமதியில்லாமல் தனியாக ரயிலேறி ஹிரோஷிமா போன ஆஸ்திரேலிய நிருபர் வில்ஃப்ரெட் பர்ச்செட், ஆஸ்பத்திரியில் கண்டதை எழுதினார். 1946-ல் அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர் யாருக்கு? லாரன்ஸுக்கு.

நம்மூரில் இதெல்லாம் ஜீப், பிரியாணி அளவுதான். ஏற்காட்டு மலையில் பாக்சைட் (அலுமினியத் தாது) வெட்டிய இடத்தில் மரம் நட்டதைக் காட்ட ஒரு கம்பெனி கூட்டிப்போனது. காட்டிய கன்றுகளை எழுதினேன். ஊற்று வற்றியதாகப் புலம்பிய ஊரில் ஜீப் நிற்கவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் ஏற்காட்டுக்குப் போனால் இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில்தான், சொந்தக் காசில். கூட்டிப்போனால் அதைச் செய்தியிலேயே சொல்லிவிடுவேன். ஆய்வுக்குப் பணம் யாருடையது என்று முதலில் கேட்பேன். எண்களைச் சரிபார்க்க வாசித்துக் காட்டுவேன், கட்டுரையைக் கொடுக்கமாட்டேன். இதனால் ஒரு அதிகாரி என்னோடு பேச்சையே நிறுத்தினார். நல்ல செய்திகளை அவருடைய உதவியாளர் தந்தார்.