தோலில் கோடுகள் விழுவது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு வயது 14, ஒல்லியான உடம்பு. முதுகின் கீழ்ப்பகுதியில் பிரம்பால் அடித்ததுபோல் சிவப்புக் கோடுகள் குறுக்காக இருக்கின்றன. ஸ்ட்ரெட்ச் மார்க் என்கிறார்கள். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வருமா?

பதில்: தாராளமாக வரும். உடம்பு எவ்வளவு பெருத்தது என்பதைவிட எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதுதான் முக்கியம். மீசை அரும்பும் வயதில் ஒரே ஆண்டில் 8, 10 சென்டிமீட்டர்கூட உயர்ந்துவிடும் பிள்ளைகள் உண்டு. தோலின் மேலடுக்கு அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துவிடும். அதன் அடியில், கொலாஜன், எலாஸ்டின் இழைகள் வலைபோலப் பின்னிய தடித்த அடுக்கு ஒன்று இருக்கிறது. அந்த அடுக்கால் ஈடுகொடுக்க முடியாமல் இழைகள் அங்கங்கே அறுகின்றன. மேலே தோல் கிழியாமலே கோடு தெரிவது இதனால்தான். இழுபடும் திசைக்குக் குறுக்கேதான் கோடு விழும். முதுகு மேல்நோக்கி நீள்வதால் அங்கே அவை படுக்கையாக இருக்கின்றன.

இதை அடிபட்ட தடம் என்று நினைத்துப் பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அடிபட்டுக் கன்றிய இடம் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களில் நிறம் மாறி மறைந்துவிடும். இந்தக் கோடுகளோ மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். இப்போது அங்கே அழற்சி இருப்பதால் சிவப்பு. கருநிறத் தோலில் ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தெரியலாம். ரத்த ஓட்டம் குறையக் குறைய வெளுத்து, லேசாகக் குழிந்து, சுருக்கம் விழுந்த கோடாகும். வைத்தியம் எதுவும் தேவையில்லை. ஆனால் கோடுகள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமாகவும் அடர் ஊதாவாகவும் இருந்து, முகம் உருண்டு, தொடைத் தசை பலம் குறைந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கார்ட்டிசால் ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதன் அடையாளமாக இருக்கலாம்.

கேள்வி: தொடை இடுக்கில் படை. ஒரு கிரீமை மூன்று மாதம் தடவினேன். அரிப்பு அடங்கியது, ஆனால் அங்கே கோடு கோடாகிவிட்டது.

பதில்: அந்தக் கிரீமில் கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கிறதா என்று டியூபில் பாருங்கள். ஸ்டீராய்டு, கொலாஜன் உற்பத்தியைத் தடுத்துத் தோலை மெலியவைக்கும். தொடை இடுக்கு, அக்குள் போன்ற இடங்களில் தோலோடு தோல் ஒட்டிக் கிடப்பதால் மருந்து இன்னும் அதிகமாக உள்ளிறங்கும். அரிப்பை அடக்கினாலும் படைக்குக் காரணமான பூஞ்சையைக் கொல்லாது. படை வெளியே தெரியாமல் பரவும். தோல் மருத்துவரைப் பார்த்து, கிரீமை நிறுத்தி, பூஞ்சைக்கான மருந்துக்கு மாறுங்கள். விழுந்த கோடு மங்குமே தவிர மறையாது.

கேள்வி: ஆறு மாதக் கர்ப்பம். எண்ணெய் தேய்த்தால் வயிற்றில் கோடு விழாதா?

பதில்: எண்ணெய் இழை அறுகிற ஆழத்துக்குப் போகாது, வறட்சியும் அரிப்பும் குறையும், அவ்வளவே. அம்மாவுக்கு இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். கோட்டை மங்கவைக்கத் தடவும் ட்ரெட்டினாயின் கிரீம் கர்ப்பத்தில் கூடவே கூடாது. பிரசவத்துக்குப் பிறகு, கோடு சிவப்பாக இருக்கும்போதே மருத்துவர் சொல்படி தொடங்கினால் ஓரளவு பலன் தரும். பாலூட்டுகிறீர்கள் என்றால் அவரிடம் அதையும் சொல்லுங்கள். வெளுத்த பிறகு லேசர், நுண்ணூசிச் சிகிச்சை இரண்டுமே பாதிப் பலன்தான். அரிப்பு வயிற்றை விட்டு உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பே இல்லாமல் வந்து, இரவில் கூடினால் காத்திருக்காதீர்கள். கல்லீரலில் பித்தநீர் தேங்குவதால் இருக்கலாம். அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.