பைத்தான் நிரல்மொழியில் ஃபங்ஷனும் (ஒரு வேலையைச் செய்யும், பெயரிட்ட நிரல்துண்டு) ஆப்ஜெக்ட் என்கிறார்களே, அப்படியென்றால்?

எண்ணைப் போலவே ஃபங்ஷனையும் மாறியில் வைக்கலாம், பட்டியலில் போடலாம், இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுக்கலாம். அவ்வளவுதான் அதன் பொருள். ஃபங்ஷனை வரையறுக்கும் 'டெஃப்' (def) வரி ஓடும்போது பைத்தான் நினைவகத்தில் ஃபங்ஷனை உருவாக்கி, அதற்குப் பெயரை ஒட்டுகிறது. உள்ளே இருக்கும் வேலை இன்னும் தொடங்குவதில்லை.

காரைக்குடி ஆச்சி கந்தரப்பத்துக்குப் பக்குவம் எழுதிய தாளை மருமகளிடம் கொடுக்கலாம், பெட்டியில் பூட்டியும் வைக்கலாம். பச்சரிசி, உளுந்து, வெல்லம் என்று படித்தால் மட்டும் அப்பம் வராது; எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏற வேண்டும். 'கந்தரப்பம்' என்றால் தாள், அடைப்புக்குறி போட்டு ஓடவிட்ட 'கந்தரப்பம்()' என்றால் சுட்ட அப்பம். (பைத்தான் 3-இல் இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கலாம், சும்மா சொல்லவில்லை.)

தேவகோட்டை, கண்டனூர், கானாடுகாத்தான் என்ற பட்டியலை நீளப்படி அடுக்க, வரிசைப்படுத்தும் 'சார்டட்'டிடம் (sorted) பட்டியலோடு, நீளம் அளக்கும் 'லென்' (len) ஃபங்ஷனை 'key=len' என்று அடைப்புக்குறி இல்லாமல் கொடுங்கள். அடைப்புக்குறி போட்டால்தான் ஃபங்ஷன் என்று நினைத்து 'லென்()' எழுதினால், அது அங்கேயே ஓடப்பார்த்துப் பிழை காட்டும்.