வாத்தியார் பதில்கள்: அரை பரோட்டாவும் ஏணிச் சின்னமும்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தேர்தல் சங்கதி. கருவாட்டு விலை பற்றிக் கேட்ட மண்டபம் வாசகி மன்னிக்க வேண்டும். அடுத்த வாரம் பார்ப்போம்.

ராமநாதபுரம் எம்.பி. தொகுதியில் முஸ்லிம் லீக் முதன்முதலாக ஜெயித்தது 2019-இல்தான் என்று என் கூட்டாளி பந்தயம் கட்டுகிறான். சரியா? (கல்லூரி மாணவர், தொண்டி)

என்ன பந்தயம் என்று எழுதவில்லையே தம்பி. பரோட்டா என்றால் ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் சொல்வதும் சரி.

1967-இல் தி.மு.க. கூட்டணியில் முஸ்லிம் லீக் இருந்தது. அந்தத் தேர்தலில் இங்கே ஜெயித்தவர் லீக்கின் எஸ்.எம். முஹம்மது ஷரீப். எனக்கு அப்போது எட்டு வயசு. வாப்பா தோளில் உட்கார்ந்து ஊர்வலம் பார்த்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது, கோஷம் எதுவும் நினைவில்லை. ஆனால் தேர்தல் ஆணையத்தின் பதிவில் அவர் பெயருக்கு நேரே இருப்பது ‘சுயேச்சை’. கட்சியின் பெயரிலேயே வந்த வெற்றி 2019-இல் கே. நவாஸ்கனி பெற்றதுதான். ஆக, ஊர்க்கணக்கில் நீங்கள் ஜெயித்தீர்கள், ஏட்டுக்கணக்கில் உங்கள் கூட்டாளி.

ஷரீப் 1971-இல் பெரியகுளத்துக்குப் போய் அங்கேயும் ஜெயித்தார். 1974 ஜூலையில் கச்சத்தீவு ஒப்பந்தம் மக்களவைக்கு வந்தபோது எழுந்து எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். அன்று ராமநாதபுரத்தின் எம்.பி.யாக இருந்து எதிர்த்தவர் பார்வர்ட் பிளாக்கின் பி.கே. மூக்கையா தேவர். இந்தக் கடற்கரைக்காக அன்றைக்குப் பேசிய முன்னாள், இந்நாள் எம்.பி.க்கள் இரண்டு பேருமே சின்னக் கட்சிக்காரர்கள். இதைப் பெரிய கட்சி மேடைகளில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

1971-க்குப் பிறகு இந்தத் தொகுதி அ.தி.மு.க., தி.மு.க., காங்கிரஸ், த.மா.கா. என்று கைமாறிக்கொண்டே இருந்தது. ஷரீப் ஜெயித்து 52 வருஷம் கழித்துத்தான் லீக்குக்குத் திரும்பக் கிடைத்தது.

வேலூரில் லீக் இரண்டு தடவை ஜெயித்ததாக என் மாமா சொல்கிறார். பட்டியலில் தி.மு.க. என்றல்லவா இருக்கிறது? (இல்லத்தரசி, கீழக்கரை)

மாமா சொன்னது பிசகில்லை. 2004-இல் கே.எம். காதர் மொகிதீனும் 2009-இல் எம். அப்துல் ரஹ்மானும் வேலூரில் ஜெயித்தார்கள். இருவருமே லீக்காரர்கள், ஆனால் நின்றது உதயசூரியனில். அடுத்த கட்சியின் சின்னத்தில் நின்றால் ஏட்டில் அந்தக் கட்சி ஆளாகத்தான் பதிவாகும், அவையில் கொறடா உத்தரவும் அங்கிருந்துதான் வரும். வாடகை வீட்டில் பிறந்த பிள்ளைக்கு வீட்டுக்காரர் இனிஷியலைப் போட்ட மாதிரி.

2014-இல் அதே வேலூரில் அதே அப்துல் ரஹ்மான் லீக்கின் பெயரிலேயே நின்று மூன்றாம் இடத்துக்குப் போனார். அந்த வருஷம் தி.மு.க.வே ஓரிடத்திலும் ஜெயிக்கவில்லை என்பதால் பழியை லீக்கின் சின்னமான ஏணி மேல் மட்டும் போட முடியாது. 2016-இல் கடையநல்லூரில் கே.ஏ.எம். முகம்மது அபூபக்கர் 1,194 வாக்கில் தப்பித்துக் கரையேறினார். 2021-இல் சட்டமன்றத்துக்கு நின்ற மூன்று இடமும் போயிற்று. சொந்தச் சின்னம் வேண்டும் என்பது ரோஷம், கூட்டணிக் கட்சிச் சின்னம் போதும் என்பது பிழைப்பு. எது சரி என்று என்னைக் கேட்டால், ரோஷம் என்பேன். நான் தேர்தலில் நிற்கப் போவதில்லை, சொல்லிவிட்டுப் போகலாம்.

கேரளாக் கட்சியின் ஏணி இங்கே எப்படிக் கிடைக்கிறது? (மீன் வியாபாரி, பெரியபட்டினம்)

கேரளாக் கட்சி என்று சொல்லாதீர்கள் காக்கா, தொடங்கியதே சென்னையில், 1948 மார்ச் 10-ஆம் தேதி. முதல் தலைவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் திருநெல்வேலி பேட்டைக்காரர். ஆனால் அவரே மக்களவைக்குப் போக மலபாரின் மஞ்சேரி தேவைப்பட்டது. 1962, 1967, 1971 மூன்று முறையும் அங்கேதான்.

கட்சிக்கு மாநிலக் கட்சி அங்கீகாரம் இருப்பது கேரளாவில். ஏணி அங்கே ஒதுக்கப்பட்ட சின்னம். ஒரு மாநிலத்தில் அங்கீகாரம் பெற்ற கட்சி வேறு மாநிலத்தில் நின்றால், தேர்தல் அறிவிக்கை வந்த மூன்று நாளுக்குள் ஆணையத்துக்கு மனு போட்டுத் தன் சின்னத்தைக் கேட்டு வாங்கலாம். அந்த வழியில்தான் இங்கே வருகிறது.

எங்கும் அங்கீகாரம் இல்லாத கட்சிகளின் பாடுதான் திண்டாட்டம். மனிதநேய மக்கள் கட்சியைப் பாருங்கள். 2009-இல் ரயில் எஞ்சின், 2011-இல் இரட்டை மெழுகுவர்த்தி. அந்த மெழுகுவர்த்தியில்தான் அதன் தலைவர் ஜவாஹிருல்லா நம் ராமநாதபுரத்தில் எம்.எல்.ஏ. ஆனார். 2021-இல் பாபநாசத்தில் அவர் ஜெயித்தபோது சின்னம் உதயசூரியன். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஜனங்களுக்குப் புதுசாக ஒரு படம் பழக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் ‘அ’ சொல்லிக் கொடுப்பதைவிடக் கஷ்டம், நான் இரண்டையும் பார்த்தவன்.

2019-இல் எங்கள் தெருவில் சுவர் விளம்பரம் எழுத வந்த பையன் சூரியனும் இரட்டை இலையும் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். ஏணி அவனுக்குப் புதுசு. சுண்ணாம்பு அடித்த சுவரில் இரண்டு கோடு இழுத்துவிட்டு, “சார், எத்தனை படி?” என்று கேட்டான். சுற்றி நின்றவர்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னார்கள். கடைசியில் சுவரின் உயரம் எவ்வளவு விட்டதோ அவ்வளவு படி போட்டான். எட்டு வந்தது. அடுத்த வீட்டுச் சுவர் குட்டை, அங்கே ஐந்து.

2024-இல் ஓ.பி.எஸ். பெயரில் நிறைய பேர் நின்றது யாருக்கு லாபம்? (பெயர் வேண்டாம், பரமக்குடி)

யாருக்கும் இல்லை. சுயேச்சைகளின் பெயர் அகரவரிசையில் வருவதால் பன்னீர்செல்வங்கள் அடுத்தடுத்து நின்றார்கள், அவ்வளவுதான். அசல் ஓ.பி.எஸ். பலாப்பழத்தில் 3,42,882 வாக்கு வாங்கினார். புதுச் சின்னத்துக்கு அது மலைக்க வைக்கும் கணக்கு. ஜனங்கள் நாம் நினைக்கிற அளவுக்குக் குழம்புகிறவர்கள் இல்லை. நவாஸ்கனி 5,09,664. வித்தியாசம் 1,66,782. 2019-இல் பா.ஜ.க.வின் நயினார் நாகேந்திரனோடு இருந்த வித்தியாசம் 1,27,122. இரட்டை இலைக்கு 2024-இல் இங்கே டெபாசிட்டே போயிற்று; வாத்தியாருக்கு ஆச்சரியமான சங்கதி அதுதான்.

உங்கள் வீட்டில் யாருக்கு ஓட்டு? (விடாக்கண்டன், தேவிபட்டினம்)

என் உம்மாவுக்குக் கண்ணில் பொறை. 2019-இல் நான்தான் கைபிடித்துக் கூட்டிப் போனேன். பார்வை தெரியாதவர்களோடு துணைக்கு ஒருவர் மறைப்புக்குள் போகலாம். அதற்கு ஒரு படிவம் உண்டு: ஓட்டு விவரத்தை வெளியே சொல்ல மாட்டேன், இன்று வேறு யாருக்கும் துணையாகப் போகவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும்.

மறைப்புக்குள் போனதும் உம்மா என் காதைப் பிடித்து இழுத்து, “வாப்பா, இம்புட்டு நாளும் சூரியன்டு சொன்னீய, இப்ப ஏணின்டு சொல்றீய. நாளைக்கு என்னத்தச் சொல்வீய?” என்றார். வெளியே வரிசை முழுக்கச் சிரித்தது. தலைமை அலுவலர் என்னிடம் படித்த பையன், தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு உம்மா எதை அமுக்கினார் என்று கேட்காதீர்கள். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். துணைக்குப் போனவருக்கு வலது ஆள்காட்டி விரலில் மை வைப்பார்கள். என் ஓட்டுக்கு இடது விரலில் ஏற்கெனவே இருந்தது. ஒரு மாசம் வரைக்கும் டீக்கடையில் கிளாஸை எந்தக் கையில் பிடித்தாலும் ஒரே கேள்விதான்: “வாத்தியாரே, இது எந்தச் சின்னத்துக்கு?”