வாசகர் கேள்வி – பதில்: 33 வெற்றியும் 28 தோல்வியும்

கேள்வி: அமெரிக்காவின் என்.பி.ஏ. தொழில்முறைக் கூடைப்பந்தில் தொடர்ந்து அதிக ஆட்டங்களில் ஜெயித்த அணி எது? அந்தச் சாதனையை இத்தனை வருஷமாக யாராலும் ஏன் தொட முடியவில்லை?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ். 1971 நவம்பர் 5 முதல் 1972 ஜனவரி 7 வரை 33 வெற்றிகள். 64 நாளில் 33 ஆட்டம் என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் களமிறங்கியிருக்கிறார்கள். அணியின் நட்சத்திர வீரர் எல்ஜின் பேலர் ஓய்வு பெற்றதற்கு அடுத்த ஆட்டத்திலேயே இந்த ஓட்டம் தொடங்கியது. வில்ட் சேம்பர்லைன் ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்து) எடுத்து நீளமாக வீசுவார்; எதிரணி திரும்பி ஓடி வருவதற்குள் ஜெர்ரி வெஸ்ட்டோ கெயில் குட்ரிச்சோ கூடையில் போட்டிருப்பார்கள். அதுவரை சாதனை மில்வாக்கி பக்ஸின் 20. அதை உடைத்த லேக்கர்ஸை ஜனவரி 9 அன்று 120–104 என்று நிறுத்தியதும் அதே மில்வாக்கிதான். மில்வாக்கியின் கரீம் அப்துல் ஜப்பார் மட்டும் 39 புள்ளி.

அடுத்த இடம் கோல்டன் ஸ்டேட்டுக்கு, 28. மயாமி ஹீட் 2013-ல் 27. இந்த மூன்று ஓட்டங்களும் முடிந்தது வெளியூர் மைதானத்தில்தான் என்பதைக் கவனியுங்கள். கோல்டன் ஸ்டேட் 2015 டிசம்பர் 11 இரவு பாஸ்டனில் இரண்டு கூடுதல் நேரம் ஆடி ஜெயித்துவிட்டு, மறுநாளே மில்வாக்கியில் 108–95 என்று தோற்றது. அது அவர்களுடைய தொடர் பயணத்தின் ஏழாவது ஆட்டம். கோவையில் ராத்திரி மேட்ச் ஆடிவிட்டு வேலந்தாவளம் வழியாகக் கடைசி பஸ்ஸில் வீடு திரும்பி, காலையிலேயே மறுபடி ஷூ மாட்டினால் கால் எப்படியிருக்கும்? அதுதான் அங்கேயும்.

கணக்கும் இரக்கம் காட்டாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் 80 சதவீதம் வெற்றி வாய்ப்புள்ள அணிகூட, தொடர்ந்து 10 ஆட்டம் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 11 சதவீதம்தான். 28 என்றால் ஆயிரத்துக்கு இரண்டு.

கேள்வி: தொடர் தோல்வியில் சாதனை டெட்ராய்ட்டா, பிலடெல்பியாவா? இரண்டு பேரையும் சொல்கிறார்கள்.
– வாசகர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: இரண்டு அணிக்கும் 28 தோல்வி. பிலடெல்பியா 2014–15 சீசனின் கடைசி 10 ஆட்டத்தையும் அடுத்த சீசனின் முதல் 18 ஆட்டத்தையும் இழந்தது. டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 28-ஐயும் 2023–24 என்ற ஒரே சீசனில் இழந்தது. எனவே ஒரே சீசன் கணக்கில் டெட்ராய்ட் தனியாக நிற்கிறது. சீசன் முடிந்து நடக்கும் ப்ளே ஆஃப் ஆட்டங்கள் இந்தக் கணக்கில் சேராது.

காரணங்கள் ஒன்றல்ல. பிலடெல்பியா டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது; தோற்ற அணிகளுக்கு அதில் முன்னுரிமை) நல்ல இளம் வீரர்களைப் பிடிக்கவே அணியைக் கலைத்துக் கட்டிக்கொண்டிருந்தது. டெட்ராய்ட் ஜெயிக்கத்தான் ஆடியது. பந்தை எதிரணியிடம் தொலைப்பதும் மூன்று புள்ளி வீச்சு தவறுவதும் அவர்களை அழுத்தின. 28-வது தோல்வியில் பாஸ்டனுக்கு எதிராக 21 புள்ளி முன்னிலையைத் தொலைத்து, கூடுதல் நேரத்தில் 128–122 என்று வீழ்ந்தார்கள். இரண்டு நாள் கழித்து டொரண்டோவை 129–127 என்று வென்றார்கள். இந்த அணியைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாஸ்டனைக் கூடுதல் நேரம்வரை இழுத்த அணி அது.

கேள்வி: எங்கள் கிளப் ஒன்பது ஆட்டமாகத் தோற்கிறது. எங்கே தொடங்குவது?
– வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: ஸ்கோர் ஷீட்டோடு இன்னொரு நோட்டு வையுங்கள். ஒரு பையனை பெஞ்சில் உட்கார வைத்து நான்கை மட்டும் எண்ணச் சொல்லுங்கள்: பந்தைத் தொலைத்தது, தாக்குதலில் எடுத்த ரீபவுண்ட், கிடைத்த ஃப்ரீ த்ரோ (எதிரணி ஃபவுலுக்காகத் தடுப்பின்றி வீசும் வாய்ப்பு), வீச்சின் பயன். கடைசியதைக் கணக்கிட, விழுந்த வீச்சுகளோடு விழுந்த மூன்று புள்ளி வீச்சுகளில் பாதியைக் கூட்டி, மொத்த வீச்சுகளால் வகுக்க வேண்டும். 60 வீச்சில் 24 விழுந்து, அதில் 6 மூன்று புள்ளி என்றால், 27-ஐ 60-ஆல் வகுத்து 45 சதவீதம். மூன்று ஆட்டம் எண்ணினாலே எந்த ஓட்டையில் ஆட்டம் ஒழுகுகிறது என்று தெரியும்.

பெரும்பாலும் அது பந்தைத் தொலைப்பதாகவே இருக்கும். அப்போது வீச்சுப் பயிற்சியைக் கூட்டிப் பயனில்லை. வீசுவதற்குப் பந்தே கையில் இருக்காது. இருவர் சேர்ந்து மறிக்கும்போது மூன்றாமவர் பந்தை நோக்கி வந்து வாங்கும் பயிற்சியைத் தினமும் 15 நிமிஷம் செய்யுங்கள். ஃபவுலையும் பாருங்கள்: ஒரு குவார்ட்டரில் (ஆட்டத்தின் கால் பகுதி) அணிக்கு நான்கு ஆகிவிட்டால், அதன்பிறகு நீங்கள் தடுப்பில் செய்யும் ஒவ்வொன்றுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.

ஆட்ட நாள் காலையில் லேசான வீச்சுப் பயிற்சி வையுங்கள். லேக்கர்ஸில் கோச் பில் ஷார்மன் அதைக் கட்டாயமாக்கினார். காலையில் தூங்கிப் பழகிய சேம்பர்லைனும் வந்தார். பாலக்காட்டு வெயிலில் எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.