பேண்ட் பாக்கெட்டுக்கு எந்த ரிவால்வர்? ஹூஸ்டனுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, இரவு மளிகைக் கடையைப் பூட்டிவிட்டு ஆளில்லாத பார்க்கிங்கைத் தாண்டித் தனியாகக் காருக்கு வர வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளச் சின்ன ரிவால்வராக எதை வாங்கலாம், நண்பர் சொல்லும் 12 அவுன்ஸுக்கும் குறைவான எடையில் வரும் .357 மேக்னம் (வலுவான தோட்டாவைச் சுடும் ரகம்) சரிப்படுமா என்பது உங்கள் கேள்வி. அந்த .357 வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஆனால் உங்களிடம் இருப்பது கிரீன் கார்டா, விசாவா என்று எழுதவில்லையே. எச்1பி, எச்4, எஃப்1 போன்ற விசாவில் வந்திருந்தால் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. வழக்கறிஞரிடம் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டுபோகலாம் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். அது மாநிலச் சட்டம். உங்கள் விசாவின் மேல் இருக்கும் தடை அதனால் விலகாது.

கிரீன் கார்டு இருந்தால், 21 வயது நிறைந்திருந்தால், உரிமம் பெற்ற கடையில், துப்பாக்கி வாங்குபவர்கள் தரும் கூட்டாட்சிப் படிவமான 4473-ஐ நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்ததும் வாங்கலாம். அப்போதும் ஒன்றை மறக்கக் கூடாது. துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டுக்காரரை நாடு கடத்தலாம். குடிமகனாக இருக்கும் உங்கள் நண்பருக்கு அபராதத்தோடு போகிற விஷயம் உங்களுக்கு ஊர் திரும்பும் விமானமாக முடியலாம்.

இனி துப்பாக்கி. பாக்கெட்டுக்கு வாங்குவதாக இருந்தால் ஐந்து தோட்டா பிடிக்கும் .38 ஸ்பெஷல் (மேக்னத்தைவிட வலுக் குறைந்த தோட்டா ரகம்), ஹேமர், அதாவது தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியல், வெளியே தெரியாதது. என் தேர்வு அதுதான். ஸ்மித் அண்ட் வெசன் 642, ரூகர் எல்சிஆர் இரண்டுமே அந்த வகை. இரண்டுக்கும் குழல் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு; எடை ஏறக்குறைய 14 அவுன்ஸ், அதாவது 400 கிராம் அளவு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஹேமர் பாக்கெட்டிலிருந்து இழுக்கும்போது துணியில் மாட்டும். மூடிய ஹேமரில் அந்தத் தொல்லை இல்லை. எல்சிஆரின் ட்ரிகர் சீராக வருகிறது என்பார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனாலும் கைக்கு எது பொருந்துகிறது என்பது உங்கள் கை சொல்ல வேண்டியது.

இப்போது அந்த .357. எடை குறையக் குறைய உதைப்பு கூடும். 12 அவுன்ஸ்கூட இல்லாத ரிவால்வரில் முழு மேக்னம் தோட்டாவைச் சுட்டால் உள்ளங்கை எரியும், இரண்டாவது குண்டு எங்கே போகிறது என்று தெரியாது. அவ்வளவு குட்டையான குழலில் வெடிமருந்து முழுதும் எரிந்து முடியாததால் கண்ணைப் பறிக்கும் தீப்பிழம்பும் காதைப் பிளக்கும் சத்தமும்தான் மிச்சம். இதைவிட மோசமான ஒன்றும் உண்டு: அந்த உதைப்பில், இன்னும் சுடப்படாத தோட்டாக்களின் ஈயக்குண்டு பித்தளைக் கூட்டிலிருந்து முன்னால் நழுவி, தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் சுழலாமல் சிக்கிக்கொள்ளலாம். நம்பி வைத்திருப்பது தேவைப்படும் நேரத்தில் பூட்டிக்கொண்டு நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வலிக்கிற துப்பாக்கியை யாரும் எடுத்துப் பழகுவதில்லை. அது அலமாரியிலிருந்து பாக்கெட்டுக்கும் பாக்கெட்டிலிருந்து அலமாரிக்கும் போய்வந்துகொண்டிருக்கும்.

.38-லும் உதைப்பு இருக்கிறது. பழகுவதற்கு 148 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) வாட்கட்டர், அதாவது தட்டை முனைப் பயிற்சித் தோட்டா வாங்குங்கள், கைக்கு மெத்தென்று இருக்கும். அதுவும் தாங்கவில்லை என்றால் எல்சிஆரிலேயே எட்டுத் தோட்டா பிடிக்கும் .22 வருகிறது. ஆற்றல் குறைவுதான், ஆனால் குறி தப்பிய .357-ஐவிடக் குறிக்குப் போகும் .22 மேல் என்பேன். உட்புற ரேஞ்சுகளில், அதாவது சுடும் பயிற்சிக் கூடங்களில், துப்பாக்கியை வாடகைக்குத் தருவார்கள். வாங்குவதற்கு முன்னால் சுட்டுப் பாருங்கள்.

பாக்கெட் உறை இல்லாமல் வைக்கவே கூடாது. இந்த ரிவால்வர்களில் தனியாக இயக்கும் பாதுகாப்பு விசை கிடையாது. ட்ரிகர் கனமாக இருப்பதுதான் காப்பு. ட்ரிகரை முழுக்க மூடுகிற, துப்பாக்கியை நிமிர்த்திப் பிடிக்கிற, வெளிப்புறம் சொரசொரப்பான உறை வேண்டும். அப்போதுதான் இழுக்கும்போது உறை உள்ளேயே தங்கும். அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை, பேனா எதுவும் கூடாது. திரும்ப வைக்கும்போது பாக்கெட்டுக்குள் கைவிட்டுத் துழாவாதீர்கள். உறையை வெளியே எடுத்து, அதில் துப்பாக்கியைப் பொருத்தி, இரண்டையும் சேர்த்து உள்ளே வையுங்கள். பாக்கெட்டில் நூலும் தூசியும் சேரும், ஹூஸ்டன் வியர்வையும் சேரும். வாராவாரம் தோட்டாக்களை இறக்கித் துடைக்க வேண்டும்.

காருக்குள் சீட் பெல்ட்டோடு உட்கார்ந்தபின் முன் பாக்கெட்டிலிருந்து எதையும் எடுக்க முடியாது. அதனால் கடைக் கதவிலிருந்து கார் கதவு வரைக்கும்தான் இது உதவும். அந்தத் தூரத்துக்குக் கடையின் வெளி விளக்கும், கூட ஒருவர் நடந்து வருவதும் ரிவால்வரைவிட அதிகம் காக்கும். முதலாளியிடம் முதலில் அதைக் கேளுங்கள். கடைக்குள் துப்பாக்கி வைத்திருக்க அவர் சம்மதமும் வேண்டும்.

கட்டாயம் இல்லை என்றாலும் எல்டிசி, அதாவது கைத்துப்பாக்கி கொண்டுபோவதற்கான டெக்சாஸ் உரிமத்துக்கான வகுப்புக்குப் போங்கள். எங்கே கொண்டுபோகக் கூடாது என்பதை அங்கே தெளிவாகச் சொல்லித் தருவார்கள்: பள்ளி, நீதிமன்றம், மதுக்கூடம், விமான நிலையத்தின் சோதனை தாண்டிய பகுதி. தபால் நிலையத்துக்குக் கூட்டாட்சித் தடை. சுடும் தேர்வு 3, 7, 15 கஜத் தூரங்களில், மொத்தம் 50 தோட்டா. போலீஸ் காரை நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கட்டும். அதிகாரி கேட்காமல் பாக்கெட் பக்கம் கை போகக் கூடாது.

வீட்டில் குழந்தை இருக்கிறதா? பேண்ட்டைக் கழற்றி மாட்டும்போது துப்பாக்கி அதிலேயே தங்கிவிடும் ஆபத்து பாக்கெட்டில் வைப்பவர்களுக்குத்தான் அதிகம். 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கைக்கு எட்டும்படி குண்டேற்றிய துப்பாக்கியை விட்டுவைத்து, அது அவர் கைக்குப் போய்விட்டால் டெக்சாஸில் குற்றம். வாங்கும் அன்றே பூட்டுப் பெட்டியும் வாங்குங்கள். வாசற்படி தாண்டியதும் நேராக அதற்குள் போகட்டும்.

இன்னொன்று, ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு மூலையில் தங்கிவிட்ட ஒரே ஒரு தோட்டாவோடு சென்னை விமான நிலையத்தில் பிடிபட்டாலும் ஆயுதச் சட்ட வழக்கு வரும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அந்தப் பையில் துணி அடுக்காதீர்கள்.