பன்னிரண்டாவது வரியை மட்டும் எடுத்துவிடுங்கள், தங்கச்சி

கேள்வி: "அக்கா, நாங்கள் ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள், 14 பேர், அதில் மூன்று பேர் பையன்கள். ஏ.எல். எழுதிவிட்டு இருப்பவர்களும் உண்டு, கொழும்பில் கடை வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர்களும் உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) கூடி, பிள்ளைப்பேற்றுச் சம்பளம், குடும்பக் கட்டுப்பாடு, கருக்கலைப்புச் சட்டம் மாறவேண்டும் என்பது எல்லாம் பேசுவோம். துண்டுப்பிரசுரம் ஒன்றும் அடித்தோம். போன கூட்டத்துக்கு இரண்டு பொலிஸார் வந்து பெயரெல்லாம் எழுதிக்கொண்டு, பிரசுரங்களையும் எடுத்துக்கொண்டு, கலைந்து போகச் சொன்னார்கள். இன்றோடு 19 நாள். தோட்டத் தலைவர் அப்பாவிடம், மகளை அடக்கி வை, இல்லையென்றால் வேலையும் போகும் லய வீடும் போகும் என்கிறார். இப்போது ஓ.ஐ.சி. (பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி) பேசவேண்டும், வரச்சொல்லி போன். நாங்கள் செய்தது குற்றமா?" (22 வயது வாசகி. பிரசுரத்தின் படத்தையும் அனுப்பியிருக்கிறார்.)

தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம், முதலில் கலண்டரை எடுங்கள். பொலிஸ் செய்தது உங்கள் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம், அதில் 19 நாள் போய்விட்டது. மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அந்த ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலத்தை 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கணக்கில் சேர்க்காது. ஆனால் கொடுத்துவிட்டோம் என்ற துண்டை மட்டும் காட்டினால் போதாது, விசாரணை உண்மையாகவே நடக்கவேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் இந்தக் கிழமையே கண்டிக்குப் போய் ஆணைக்குழுவின் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள், அதை நம்பிக்கொண்டு வழக்குப் பேச்சைத் தள்ளிப் போடவும் வேண்டாம். பஸ் காசு இல்லையென்றால் 1996 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள், சட்டத்தின் ஆண்டும் அதேதான் என்பதால் மறக்காது.

சரி, பிரசுரத்துக்கு வருவோம். இரண்டு தடவை படித்தேன். 12 வரி. முதல் பதினொரு வரியையும் நீங்கள் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தமாக வாசித்தாலும் குற்றமில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை மாறவேண்டும், வன்புணர்வால் கருவுற்றவளை மேலும் தண்டிக்கக்கூடாது என்று கேட்பது கருத்துச் சொல்வது, அதற்கு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையின் முதல் உபபிரிவே காவல். இதையே 1995இல் அரசு ஒரு சட்டமூலத்தில் போட்டுவிட்டுப் பின்வாங்கியது, 2017இலும் பேச்சு வந்து மத அமைப்புகளின் எதிர்ப்போடு அடங்கிப்போனது. அமைச்சர்மார் மேசைக்குப் போன ஒரு விசயத்தைத் தோட்டத்துப் பிள்ளைகள் பேசினால் மட்டும் குற்றமாகிவிடாது.

பன்னிரண்டாவது வரிதான் எனக்குத் தலையிடி. "உதவி தேவையான சகோதரிகள் இந்த எண்ணுக்கு அழையுங்கள், மாத்திரைக்கு வழி சொல்வோம்" என்று ஒரு போன் நம்பர். எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு இன்னமும் அப்படியே கிடக்கிறது: பெண்ணின் உயிரைக் காப்பதற்காக நல்லெண்ணத்தோடு செய்தால் ஒழியக் கருவைச் சிதைப்பவருக்கு 3 வருடம் வரை சிறை, வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகு என்றால் 7 வருடம் வரை, தனக்குத்தானே செய்துகொள்ளும் பெண்ணும் அதற்குள் அடக்கம். வழி காட்டுபவர், மாத்திரை வாங்கித் தருபவர் எல்லாம் உடந்தை என்ற கணக்கில் வரலாம். சட்டம் பிழை என்று சொல்வதும், அந்தச் சட்டம் தடுக்கும் காரியத்துக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போவதும் நீதவானின் முன்னால் இரண்டு வேறு வேறு விசயங்கள். அந்த வரியை எடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் பிரதிகளை இனி யாருக்கும் கொடுக்கவேண்டாம், ஆனால் பயந்துபோய் அடுப்பில் போட்டுவிடவும் வேண்டாம், ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

அந்த நம்பருக்கு யாராவது அழைத்தார்களா, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை எனக்கு எழுதவே வேண்டாம். நான் இங்கே பத்தி எழுதுகிறேன், இது பலர் கைபட்டு வரும் கடிதம், இதற்கு இரகசியக் காப்பு கிடையாது. உங்களுக்காக ஆஜராகும் சட்டத்தரணியிடம் நேரில் சொல்வதைத்தான் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு காக்கிறது (அரசியலமைப்பிலும் 126, இங்கேயும் 126, நானே ஒரு தடவை மாற்றிச் சொல்லி நீதவானிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்). வாட்ஸப் குழுவிலும் அதைப் பற்றி மூச்சு விடாதீர்கள். ஒன்று மட்டும் பொதுவாகச் சொல்லலாம்: எந்தக் காரணத்தாலோ இரத்தப்போக்கோடு கிடக்கும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவது குற்றமில்லை. லயத்தில் ஒளித்து வைத்து ஆள் போய்ச் சேர்ந்த கதைகள் நமக்குத் தெரியும். 72 மணித்தியாலத்துக்குள் எடுக்கும் அவசர கர்ப்பத்தடை மாத்திரையையும் 303ஆம் பிரிவையும் சிலர் போட்டுக் குழப்புவார்கள். அது கரு உண்டாகாமல் முன்கூட்டித் தடுப்பது, பார்மசியில் கிடைப்பது.

ஓ.ஐ.சி. கூப்பிட்டதற்குப் போங்கள், போகாமல் இருந்தால் அதையே ஒரு கதையாக்குவார்கள். தனியாகப் போகாதீர்கள், சட்டத்தரணியோடு போங்கள். பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி ஆஜராவதற்கு 2012இல் விதிகளே வந்திருக்கின்றன. காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள். போனதும் முறைப்பாட்டு இலக்கம் என்ன, யார் கொடுத்தது, எந்தப் பிரிவு என்று கேளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் சொல்லலாம், சிங்களத்தில் எழுதினால் வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்காதீர்கள். நான் பார்த்ததில் பாதிக் கேஸ் அந்தக் கையெழுத்தில்தான் கெட்டுப்போனது. கைது என்றால் காரணம் சொல்லவேண்டும், 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோகவேண்டும்.

கூட்டத்தைக் கலைத்தது வேறு விசயம். நாலு சுவருக்குள் அமைதியாகக் கூடுவதற்குப் பொலிஸ் அனுமதி எதற்கு? ஊர்வலம் போவதானால்தான் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின்படி ஆறு மணித்தியாலத்துக்கு முன்பே பக்கத்துப் பொலிஸுக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். பெயர் எழுதிக்கொண்டது, பிரசுரத்தை அள்ளிக்கொண்டு போனது இரண்டையும்தான் ஆணைக்குழுவில் முன்னால் வையுங்கள். ஆனால் இடத்தில் உங்களுக்குப் பலவீனம் இருக்கிறது. பிள்ளை மடுவம் தோட்டத்தின் கட்டிடம், துரை (தோட்ட முகாமையாளர்) வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிட்டால் அங்கே மல்லுக்கு நிற்காதீர்கள், அத்துமீறல் என்று ஒரு வழக்கு கூடும். கோயில் மண்டபத்தைக் கேளுங்கள், கமிட்டி முகம் சுளித்தால் யாராவது ஒரு வீட்டு முற்றம் போதும். 18 வயதாகாத பிள்ளைகள் வருவதானால் தாய் தகப்பனிடம் முன்கூட்டியே சொல்லி, கையெழுத்தும் வாங்கிவையுங்கள். தலைவர் முதலில் பிடிக்கப்போவது அந்த இடத்தைத்தான்.

அப்பாவின் வேலை. மகள் கூட்டம் போட்டாள் என்று தகப்பனின் பேரை வெட்டுவதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. நிறுத்தினால் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். அந்த வாயளவு மிரட்டலை என்ன தேதி, எத்தனை மணி, பிரட்டுக் களத்திலா (காலையில் பேர் பதியும் இடம்) வாசலிலா, யார் கேட்டுக்கொண்டு நின்றார் என்று இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், குற்றவியல் மிரட்டல் என்று தண்டனைச் சட்டக்கோவையின் 486ஆம் பிரிவில் முறைப்பாடு செய்ய அது வேண்டும். ஒரு சின்ன நுணுக்கம்: கம்பெனித் துரைக்கு எதிராக அடிப்படை உரிமை மனு சுலபத்தில் எடுபடாது, அது அரசின் செயலுக்கு எதிரானது. ஜனவசம போல அரச தோட்டம் என்றால் பேச்சு வேறு. உங்கள் தோட்டம் எது என்று எழுதவில்லை, அதைச் சட்டத்தரணியிடம் முதலில் சொல்லுங்கள்.

இனி, யாரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரசுரத்தின் ஐந்தாவது வரி பிள்ளைப்பேற்றுச் சம்பளம் பற்றியது, ஒரே வரியில் ஓடிப்போகிறது. என்னைக் கேட்டால் அதைத்தான் பெரிய எழுத்தில் போடவேண்டும். நான் வீட்டில் மூன்றாவது பிள்ளை. அண்ணனுக்கும் அக்காவுக்கும் அம்மாவுக்குக் கிடைத்தது 84 நாள், எனக்கு 42, அப்போது சட்டம் அப்படித்தான், மூன்றாவது பிள்ளையைப் பெற்றவளுக்குப் பாதி நாளில் உடம்பு தேறிவிடும் போல. அடுப்படிச் சுவரில் கரிக்கட்டையால் ஒவ்வொரு நாளாகக் கோடு போட்டு எண்ணினாராம், 43ஆம் நாள் என்னை மடுவத்து ஆயாவிடம் கொடுத்துவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டினாராம். 2018இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தைத் திருத்தி எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் என்று ஆக்கிவிட்டார்கள். இன்னமும் மூன்றாவதுக்குப் பாதிதான் என்று செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) வெட்டும் இடம் இருந்தால், தோட்டத்தில் பிள்ளை பெற்ற ஒவ்வொருவரின் சம்பளச் சீட்டையும் சேகரித்துக்கொண்டு தொழில் திணைக்களத்துக்குப் போங்கள். பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை பால் கொடுக்க வேலைக்கு நடுவில் இரண்டு இடைவேளை உண்டு. அதை எடுத்தவளுக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்று. பாட்டிமார் கூட்டத்துக்கு வந்து பாதியில் எழுந்து போய்விட்டார்கள் என்று கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. 1980களில் கர்ப்பத்தடை ஆபரேஷனுக்கு அரசாங்கமே காசு கொடுத்தது, தோட்டங்களில் என்ன ஆபரேஷன் என்று சரியாகச் சொல்லாமல் ஆளை அனுப்பிய கதைகளை அவர்கள் வாயாலேயே கேட்கலாம். குடும்பக் கட்டுப்பாடு என்ற வார்த்தை அவர்கள் காதில் வேறு மாதிரி விழும். பெறாமல் இருக்கும் உரிமையோடு, பெற்றுக்கொள்ளும் உரிமையும், என்ன ஊசி போடுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையும் பிரசுரத்தில் வரட்டும், பன்னிரண்டாவது வரி போன இடம் சும்மாதானே கிடக்கிறது. கணவன் கையெழுத்து இல்லாமல் மூன்று மாதக் கர்ப்பத்தடை ஊசி போடமாட்டேன் என்று யாராவது சொன்னால் எந்தச் சுற்றறிக்கை என்று எழுத்தில் கேளுங்கள், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அப்படி ஒரு பிரிவை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் படித்ததில்லை.

சட்டத்தரணியைப் பார்க்கப் போகும்போது பிரசுரம் ஒன்று, அன்றைக்கு வந்த 14 பேரின் பெயர், பொலிஸார் சட்டையில் இலக்கத்தை யாராவது பார்த்திருந்தால் அது, ஓ.ஐ.சி. போன் வந்த நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட், அப்பாவின் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. சீட்டை அப்பா தரமாட்டார், பயந்திருப்பார். அம்மாவிடம் கேளுங்கள், அரிசி டின்னுக்குள் இருக்கும்.